லைக் விழுந்தது, ரேங்க் ஏறியதா?

ஒரு காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் தலையில் கூகுள் டூல்பார் என்று ஒன்றை ஒட்டிக்கொள்வோம். அதில் சின்னதாக ஒரு பச்சைக் கோடு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளவு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதற்குக் கூகுள் கொடுத்திருக்கும் மதிப்பை அந்தக் கோடு காட்டும். பதிவர் சந்திப்புகளில் டீ வருவதற்குள் பேச்சு அதில் போய் நிற்கும். மூன்றுக்குப் போனவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். பூஜ்யத்தில் கிடப்பவர், "அதெல்லாம் ஒரு கணக்கா?" என்பார். 2000 கடைசியில் வந்த அந்தக் கோட்டைக் கூகுள் 2016-இல் எடுத்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

நான் 2006-இல் வலைப்பூ எழுத வந்தவள். தென்காசிப் பக்கத்துச் சமையல், கைவைத்தியம், கல்யாண வீட்டுச் சடங்கு, இவைதான் என் சரக்கு. அப்போது முதல் இன்றுவரை என் காதில் விழும் ஒரே அறிவுரை, "அங்கே போய் ஷேர் பண்ணுங்க, கூகுள்ல மேல வருவீங்க" என்பது. அந்த 'அங்கே' மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று எழுதிவைக்க வேண்டும்போல் இருந்தது.

முதலில் அந்தப் பச்சைக் கோட்டின் பூர்வீகம். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996 வாக்கில் ஒரு தேடுபொறியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் போதாது, அந்தப் பக்கத்துக்கு யார் யார் சுட்டி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அறிவியல் உலகுக்கு இது புதிதல்ல. எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1960-களிலேயே கொண்டுவந்துவிட்டார். பேஜும் பிரின்னும் அதில் ஒரு படி மேலே போனார்கள். சுட்டி கொடுப்பவருக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். பெரிய மனிதர் போடும் ஓட்டுக்குக் கனம் அதிகம். 1998-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள், கூகுளையும் தொடங்கினார்கள்.

இந்தக் கணக்கு தமிழ்ப் பதிவர்களுக்கென்றே போட்டதுபோல் அமைந்துவிட்டது. சுட்டி கொடுப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஒருவர் எழுதியது பிடிக்கவில்லையென்றால் எதிர்ப்பதிவு, பிடித்தால் வழிமொழிந்து ஒரு பதிவு. இரண்டிலும் அவருக்குச் சுட்டி போகும். தொடர்பதிவு என்று ஒரு விளையாட்டு உண்டு. 'எனக்குப் பிடித்த பத்துப் பாடல்கள்' என்று ஒருவர் எழுதி நாலைந்து பேரை அழைப்பார். அழைக்கப்பட்டவர்கள் அழைத்தவருக்குச் சுட்டி போட்டு எழுதி, ஆளுக்கு நாலைந்து பேரை இழுத்துவிடுவார்கள். பக்கப்பட்டையில் 'நான் வாசிப்பவை' என்று ஒரு நீண்ட பட்டியல் வேறு. யாரும் ரேங்குக்காக இதைச் செய்யவில்லை. உறவு கொண்டாடினோம், சண்டை போட்டோம். கூகுளின் கண்ணுக்கு அதெல்லாம் ஓட்டாகத் தெரிந்தது.

2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இந்தக் கூட்டத்துக்கு ஒரு முச்சந்தியாக ஆனது. புதுப்பதிவு போட்டால் அங்கே தெரியும். பிற்பாடு ஓட்டுப்பட்டையும் வந்தது. பின்னூட்டத்தில் 'த.ம. 4' என்று மட்டும் இருந்தால், தமிழ்மணத்தில் நாலாவது ஓட்டு நான் போட்டேன், என் பதிவுக்கு நீங்களும் வாருங்கள் என்று பொருள். தமிழிஷ் என்று இன்னொரு ஓட்டுத் தளம் வந்தது, பிறகு அது இன்ட்லி ஆனது. ஒரு பதிவுக்குக் கீழே பதிவைவிட நீளமாக ஓட்டுப்பட்டைகள் தொங்கிய காலமும் இருந்தது.

'நல்ல பதிவு, நேரம் இருந்தால் என் தளத்துக்கும் வாருங்கள்' என்று பின்னூட்டத்தில் எழுதிக் கீழே முகவரி வைத்துவிட்டுப் போவார்களே, அந்த வழக்கத்துக்கு 2005 ஜனவரியிலேயே கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து பூட்டுப் போட்டுவிட்டன. 'நோஃபாலோ' என்ற குறி இருந்தால் அந்தச் சுட்டியை ஓட்டாக எண்ணுவதில்லை என்று அறிவித்தார்கள். மாத்திரை விற்பவனும் சூதாட்டக்காரனும் பின்னூட்டப் பெட்டிகளை நாறடித்ததால் வந்த வினை. பிளாக்கரின் பின்னூட்டங்களில் அந்தக் குறி தானாகவே விழுந்தது. ஆக, பின்னூட்டத்தில் விட்டுவந்த முகவரிகளைப் பார்த்து ஆள் வந்தார்களே தவிர, ஓட்டு விழவில்லை. எங்களில் பலருக்கு இது வருஷக்கணக்கில் தெரியாது. பிற்பாடு டிவிட்டரும் முகநூலும் தங்கள் சுட்டிகளுக்கு இதே குறியைத்தான் போட்டன.

பிறகு எப்படி, லைக்கும் ஷேரும் ரேங்கை ஏற்றும் என்ற நம்பிக்கை பிறந்தது? அதற்கும் ஆதாரம் இருந்தது. 2009 டிசம்பரில் கூகுள் தன் தேடல் முடிவுகளில் டிவிட்டர் செய்திகளை அப்போதைக்கப்போது ஓடவிட்டது. அதற்காக டிவிட்டரோடு ஒப்பந்தமே போட்டிருந்தது. 2010 டிசம்பரில் கூகுளும் பிங்கும், சமூக வலைத்தளப் பகிர்வுகளை ஓரளவு கவனிக்கிறோம் என்று வாய்திறந்து சொன்னார்கள். கூகுளில் குப்பைத் தளங்களை விரட்டும் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸும் அதை ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான், கடைவிரித்துவிட்டார்கள். என் தம்பி மகன் அப்போதுதான் கல்லூரி முடித்து, இணையதளங்களை மேலே ஏற்றித் தருகிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

"அத்தை, இனிமே சுட்டி எல்லாம் பழசு. லைக்குதான் ஓட்டு."

"லைக்கை விலைக்கு வாங்கலாமாமே?"

"வாங்கலாம். ஆனா நீங்க வாங்காதீங்க."

2011 ஜூலையில் டிவிட்டர் ஒப்பந்தம் முடிந்து, அந்த ஓடும் செய்திகள் காணாமல் போயின. அதற்குச் சில நாள் முன்புதான் கூகுள் பிளஸ் வந்திருந்தது. கூகுளுக்கே சொந்தமான தளம் என்பதால் ஆசை கிளம்பியது. கூகுள் பிளஸ் கணக்கோடு இணைத்தால் தேடல் முடிவில் எழுதியவரின் புகைப்படமே வரும். நாங்கள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்காத குறை. 2014 ஜூனில் புகைப்படத்தை எடுத்தார்கள், ஆகஸ்டில் அந்த ஏற்பாட்டையே எடுத்தார்கள். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸே மூடப்பட்டது. பிளாக்கரில் பின்னூட்டங்களை அதன் வழியே வாங்கியிருந்த வலைப்பூக்களில் அந்த உரையாடல்களும் சேர்ந்து அழிந்தன. என்னைக் கேட்டால் ரேங்கைவிட அதுதான் பெரிய இழப்பு.

இதற்கு நடுவில் 2014 ஜனவரியில் அதே மேட் கட்ஸ் வேறு பாட்டுப் பாடினார். முகநூல், டிவிட்டர் பக்கங்களை மற்ற எந்தப் பக்கத்தையும் போலத்தான் நடத்துகிறோம், எத்தனை லைக், எத்தனை ஃபாலோயர் என்பதை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்றார். காரணங்களும் நியாயமானவை. அந்தத் தளங்கள் கதவைச் சாத்தினால் கூகுளால் உள்ளே நுழைய முடியாது, அடுத்தவர் சாவியை நம்பிக் கணக்குப் போட முடியாது. அதிகம் பகிரப்பட்ட பக்கம் மேலே நிற்கிறதே என்று கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார். நன்றாக எழுதியதைப் பகிர்கிறார்கள், அதற்கே சுட்டியும் கொடுக்கிறார்கள்; லைக்கால் ரேங்க் வரவில்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

என் அனுபவம் இதற்கு ஒத்துத்தான் போகிறது. கூழ்வத்தல் போடுவது பற்றி முகநூலில் எழுதினால் இரண்டு நாள் அமளிப்படும். "அக்கா, எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டு" என்பார்கள். மூன்றாம் நாள் அதை நானே தேடினாலும் கிடைக்காது. அதே விஷயத்தை எப்போதோ வலைப்பூவில் போட்டது, பங்குனி வெயில் ஏறியதும் தானாக எழுந்துகொள்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்கள்கூட வந்து சேர்கிறார்கள். தேடல் கணக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் அதைப் பார்க்கிறேன். அது மேலே நிற்பதற்கு முகநூல் காரணமென்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. சமையல் பதிவர்கள் சிலர் தங்கள் பக்கங்களிலிருந்து கொடுத்த சுட்டிகளும், அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று தெளிவாக எழுதியிருப்பதும்தான் காரணம் என்பது என் துணிபு.

பகிர்வதால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். முகநூலில் படித்த ஒருவர் தன் வலைப்பூவில் சுட்டி கொடுத்தால் அது ஓட்டு. ஆனால் இந்தச் சுற்றுவழி தமிழில் அடைபட்டுப்போனதுதான் எனக்கு ஆற்றாமை. 2011, 2012 வாக்கில் பதிவர்கள் கூட்டம் கூட்டமாக முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். எதிர்ப்பதிவு அங்கே ஸ்டேட்டஸ் ஆனது, தொடர்பதிவு டேக் ஆனது. நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி எழுதியதைக் கூகுள் பார்க்கவே முடியாது. வெளியே சுட்டி கொடுத்தால் முகநூல் ஆட்களிடம் காட்டாது என்று பயந்து, 'சுட்டி முதல் கமெண்டில்' என்ற வழக்கமும் வந்தது. சமூக வலைத்தளம் நம் ரேங்கை ஏற்றியதா என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். ஏற்றக்கூடிய சுட்டிகளை ஊற்றோடு வற்றவைத்தது அதுதான்.

முகநூலை விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரையும் கூப்பிடப் போவதில்லை. நானே காலையில் எழுந்ததும் அதைத்தான் திறக்கிறேன். கேட்பது ஒன்றுதான். உங்கள் பழைய வலைப்பூ இன்னும் அங்கேதான் இருக்கும், கடவுச்சொல்லைத் தேடி எடுங்கள். சமீபத்தில் படித்ததில் பிடித்த ஒருவருடைய பதிவைப் பற்றி நாலு வரி எழுதி, அவருக்கு ஒரு சுட்டி கொடுங்கள். பிடிக்காத பதிவென்றாலும் சரி, எதிர்ப்பதிவாகவே எழுதுங்கள்.