தளர்ந்த நாவும் தமிழொலியும்: தசைத் தளர்ச்சியால் நேரும் பேச்சுக் குறைபாடுகளின் சிகிச்சை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கொழும்பின் தென்புறத்தே, கல்கிசையை அடுத்த இரத்மலானையில், காலி வீதியோரமாக உள்ள செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் என்னும் மிஷனரிப் பெண்மணியால் தொடங்கப்பெற்ற பணியின் தொடர்ச்சியாகும். பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தகைய பாடசாலையொன்றை நிறுவியிருந்தார். பேச்சின்மை விதிப்பயனன்று, கற்பித்தலால் அணுகத்தக்க ஒன்று என்ற எண்ணம் நம்மவரிடையே நிறுவன வடிவம் பெற்றது இவ்வாறான பாடசாலைகளின் வாயிலாகவே எனலாம். ஆயின், செவி குன்றாது, அறிவு குன்றாது, சொல்லும் மறவாது, நாவும் இதழும் அண்ணமும் மட்டுமே தளர்ந்துவிட்ட ஒருவரைப் பற்றிய சிந்தனை மிகப் பிந்தியே எழுந்தது. பாரிசவாதத்தின் பின் குழறுபவர் வீட்டு மூலையில் கட்டிலோடு ஒதுங்கினார். குழந்தைக்குப் பேச்சு வரவேண்டுமென்று நாவிலே தடவப்படும் வசம்பைத் தவிர, அவருக்கென நமது சமூகம் வேறெதனையும் வைத்திருக்கவில்லை.

மருத்துவர்கள் இந்நிலையை ‘டிஸாத்ரியா’ என்பர். சொற்களே நினைவிலிருந்து அகன்றுபோகும் ‘அபேசியா’விலிருந்து இது வேறானது. இங்கு மொழி முழுமையாகவே உள்ளது; அதனை ஒலியாக்கும் கருவிதான் பழுதுபட்டுள்ளது. அக்கருவியின் உறுப்புகளை நமது இலக்கண மரபு நன்கறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகின்றது என விளக்குகின்றது. மூச்சு, குரல், ஒலிப்பு என இன்றைய சிகிச்சையாளர் வகுத்துக்கொள்ளும் படிகளோடு இதனை ஒப்புநோக்குவது வெறும் பழம்பெருமையாகாது. கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஐரோப்பாவில் 1672இல் தொமஸ் வில்லிஸ் எழுதிய நூலொன்றில் ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு வருகின்றது. தடையின்றிப் பேசத் தொடங்கும் அவள், நெடுநேரம் பேசினால் மீனைப்போல் ஊமையாகிவிடுவாள். ஓரிரு மணி நேரத்தின் பின்னரே குரல் திரும்பும். பிற்காலத்தார் இதனை ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்னும் நோயாக இனங்கண்டனர். 1860இல் டுஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நா, மென்னண்ணம், இதழ் ஆகியன படிப்படியாகச் செயலிழக்கும் வாதத்தை விவரித்தார். தசைகளின் மீது மின்சாரம் பாய்ச்சிச் சிகிச்சை செய்யும் முறைக்குப் பெயர்பெற்றவர் அவர். தசை தளர்ந்தது, ஆகவே தசையை உசுப்பவேண்டும் என்னும் தருக்கம் எளிதானது. அதன் எளிமையே அடுத்த நூறாண்டுகளுக்கு மேலாக இத்துறையைத் தன்வயப்படுத்தியும் வைத்திருந்தது.

அத்தருக்கத்துக்கு முதற் பேரடி 1934இல் விழுந்தது. இலண்டன் கிறீனிச் பகுதியிலுள்ள சென்ற் அல்பீஜ் வைத்தியசாலையில் பணியாற்றிய மேரி வோக்கர் என்ற இளநிலை மருத்துவர், மயஸ்தீனியா நோயின் சாயல் கியூராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதை உற்றுநோக்கி, அந்நஞ்சுக்கு மாற்றான பைசோஸ்டிக்மின் மருந்தை ஊசி மூலம் ஏற்றினார். தளர்ந்திருந்த தசைகள் சிறிது நேரத்துக்கு மீண்டும் இயங்கின. நோய் தசையிலன்று, நரம்பு தசையோடு சேரும் சந்தியிலேயே உள்ளது என்பது இதனால் வலுப்பெற்றது. இந்நோயாளருக்கு நாப்பயிற்சி கொடுப்பது, களைத்த மாட்டை மேலும் ஏரில் பூட்டுவதற்கு ஒப்பாகும். ‘தளர்ச்சி’ என்னும் ஒரே சொல்லினுள் எத்தனை வெவ்வேறு நோய்கள் மறைந்துகிடக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டார்லி, அரொன்சன், பிரவுன் ஆகிய மூவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அடித்தளமாயின. 212 நோயாளரின் பேச்சுப் பதிவுகளைச் செவிமடுத்து, 38 ஒலிப் பண்புகளை அளவிட்டு, நரம்பு மண்டலத்தின் எப்பகுதி பழுதுற்றால் பேச்சு எவ்வாறு சிதைகின்றது என்பதை வகைப்படுத்தினர். தொய்வு, இறுக்கம், தள்ளாட்டம் என இன்று உலகெங்கும் வழங்கும் பாகுபாடு அவர்களுடையதே. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. நோயாளர் வாசித்தது ஒரு பாட்டனாரைப் பற்றிய ஆங்கிலப் பத்தி. கேட்டு அளந்தவையும் ஆங்கிலத்துக்குப் பழகிய செவிகள். அறிவியலின் உலகப் பொதுமையை நாம் மறுக்கவில்லை. எனினும் அளவுகோல் செய்யப்பட்ட பட்டறை எது என்று வினவுவது ஆராய்ச்சியாளரின் கடமையாகும்.

சிகிச்சை முறைகளும் இக்காலத்திலேயே பெருகின. மென்னண்ணம் தொங்கிக் காற்று மூக்கின்வழி கசிவோருக்கு, பற்களில் பொருத்தி அண்ணத்தை உயர்த்தும் தகடு 1950களின் பிற்பகுதியிலிருந்து பயன்படலாயிற்று. 1970களில், பேசும்போதே ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் அட்டையிற் சுட்டிக்காட்டும் முறை தோன்றியது. கேட்போருக்குக் குறிப்புக் கிடைக்கின்றது, பேசுவோரின் வேகமும் தானே குறைகின்றது. 1987இல் பார்க்கின்சன் நோயாளருக்கென லொரெய்ன் ரேமிக் குழுவினர் உருவாக்கிய முறையோ, உரத்த குரல் என்ற ஒரே இலக்கை வைத்து, கிழமைக்கு நான்கு நாளாக நான்கு கிழமை பயிற்றுவது. குழலூதுதல், கன்னத்தை உப்புதல், நாவால் கரண்டியைத் தள்ளுதல் போன்ற ‘வாய்த் தேகப்பயிற்சிகள்’ மட்டும் மதிப்பிழந்து வந்தன. பேச்சுக்கு நாவின் முழு வலிமையில் ஒரு சிறு பங்கே போதுமானது. வேண்டுவது வலிமையைக் காட்டிலும் நேரமும் இலக்கும் தவறாத விரைவு. அது பேசிப்பேசியே வருவது.

சான்றுகள் இன்னும் மெலிந்தே உள்ளன. மூளைப் பாதிப்பின் பின் நேரும் டிஸாத்ரியாவுக்கான சிகிச்சைகளை 2017இல் மீளாய்வு செய்த கொக்ரேன் குழுவினருக்குக் கிடைத்தவை ஐந்து சிறு பரிசோதனைகள். பங்கேற்றோர் 234 பேர். உறுதியான முடிபு எதுவுமில்லை. பார்க்கின்சன் நோயாளர் 388 பேரை வைத்து பிரித்தானியாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, மேற்கூறிய உரத்த குரல் முறை பயனளித்தது என்றும், அங்கு வழக்கிலிருந்த பொதுவான சிகிச்சை, சிகிச்சையின்மையைவிட மேம்பட்டதன்று என்றும் கண்டது. ஆக, தீவிரமாக, நாள்தோறும் பயிற்றினாற்றான் பலன். நாட்கூலிக்குச் செல்பவரும் அவரை அழைத்துவர வேண்டிய மனைவியும் பதினாறு நாள் உழைப்பை இழந்து இதனைப் பெறமுடியுமா என்பது ஆய்வேடுகளில் எழாத வினா. கொட்டாஞ்சேனையில் அது நாள்தோறும் எழுகின்றது.

இலங்கையில் இத்துறை ஊன்றியது அண்மையிலேயே. 1980களில் அண்ணப்பிளவுக் குழந்தைகளின் பொருட்டு வந்த பிரித்தானிய மருத்துவக் குழுவினர் அறுவையோடு பேச்சுச் சிகிச்சையின் தேவையையும் உணர்த்தினர். 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தின் இராகம மருத்துவபீடத்தில் பயிற்சிநெறி தொடங்கிற்று. பின்னர் அது பட்டப்படிப்பாயிற்று. இது பெரிய அடைவு. ஆயின் தமிழில் சிகிச்சையளிக்க வல்லோரின் தொகை தேவைக்கு எவ்வகையிலும் ஈடாகவில்லை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நாவின் சிகிச்சை அறைக்குள் அத்திருத்தம் இன்னும் முழுமையாக நுழையவில்லை.

மொழி எதுவாயினும் நாத்தசை ஒன்றுதானே என்று கேட்கலாம். கல்கிசையில் நாம் அறிந்த முதியவர் ஒருவரின் அனுபவத்தைக் கூறுவோம். கடை வைத்திருந்த அவர் சிங்களத்தில் சரளமாகப் பேசக்கூடியவர். பாரிசவாதத்தின் பின் சிங்களச் சொற்பட்டியலைக் கொண்டே அவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவரும் ஓரளவு தேறினார். வீட்டிலோ அவர் பேச்சு விளங்கவில்லை. காரணம் தேடத் தொலைவு செல்லவேண்டியதில்லை. பேச்சுச் சிங்களத்தில் ல, ள என்னும் வேறுபாடும் ன, ண என்னும் வேறுபாடும் மறைந்துவிட்டன. தமிழிலோ வால், வாள் என்பனவும் மனம், மணம் என்பனவும் வெவ்வேறு சொற்கள். நாநுனியை மேலெடுத்து அண்ணத்தைப் பொருத்தும் அவ்வசைவு அவருக்குப் பயிற்றப்படவே இல்லை.

இங்குதான் பிறப்பியல் மீண்டும் துணைக்கு வருகின்றது. நாவிளிம்பு அண்ணத்தை ஒற்ற லகரமும், வருட ளகரமும் பிறக்கும் என அது பிரித்துக் காட்டுகின்றது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என வல்லினத்தையும் மெல்லினத்தையும் இணைத்த நம் இலக்கண மரபு, மென்னண்ணம் தளர்ந்தால் எந்த எழுத்து எதுவாகத் திரியும் என்பதற்கு ஆயத்தமான அட்டவணையையே தந்துள்ளது. படத்துக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, காற்றை ஒரு கணம் அடைத்துவைக்கும் ஆற்றலில் தங்கியுள்ளது. ‘மெதுவாக, நீட்டிப் பேசுங்கள்’ என்ற ஆங்கில வழி அறிவுரை தமிழில் ஆபத்தானதும் ஆகலாம். உயிரை நீட்டினால் கல் காலாகிவிடும். வேகத்தைச் சொற்களின் இடையே குறைக்கவேண்டுமேயன்றி மாத்திரையிற் கைவைத்தலாகாது. வாசிக்கத் தரப்படும் பத்தியும் செந்தமிழாயிருந்தால் நாம் அளப்பது நோயாளரின் நாவையா பள்ளிப்படிப்பையா என்பது தெரியாது. மலையகத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் ஒரே பத்தி எவ்வாறு பொருந்தும்?

முதலெழுத்து அட்டையை எடுத்துக்கொள்வோம். தமிழுக்கு 247 எழுத்தும் கொண்ட அட்டை வேண்டுமென அஞ்சுவோர் உளர். மொழிமுதலாகாத எழுத்துக்களை இலக்கணம் முன்னரே விலக்கிவைத்துள்ளது. பன்னிரண்டு உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ ஆகிய ஒன்பது மெய்யின் வரிசைகளுமே பெரும்பாலும் போதுமானவை. ரயில், லொறி, டொக்டர் என்பவற்றின் பொருட்டு ர, ல, ட என்னும் மூன்றையும் ஓரத்திற் சேர்த்துக்கொள்ளலாம், பவணந்தியார் பொறுத்தருள்வாராக. மேற்கூறிய முதியவருக்காக அவருடைய பேர்த்தி இவ்வாறான அட்டையொன்றைப் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதில் ‘வ’வைத் தொட்டபின் சொல்லும் சொல் வாலா வாளா என்ற ஐயம் மட்டும் வீட்டாருக்கு இன்னும் தீரவில்லை. அதற்கு ளகரம் பயிற்றும் ஒருவர் வேண்டும்.