மாத்தளை தரும் நூல்நிலையப் பாடம்

ஆடையணி வடிவமைப்பும் உள்ளக அலங்காரமும் இந்நாளில் பல்கலைக்கழகப் பாடங்களாகிவிட்டன. இக்கல்விக்கென நூல்நிலையம் அமைப்போர் எவற்றைச் சேர்த்தல் வேண்டும்? பாரிசிலும் மிலானிலும் வெளியாகும் ஏடுகளை வரவழைத்து அடுக்கிவிட்டாற் போதுமா? விடை தேடுவோர் மாத்தளையின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நன்று.

மாத்தளை நகருக்கு வடக்கே அலுவிகாரை என்னும் குகைப்பள்ளி உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் அங்கேதான் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்டதென்பது மரபு. ஓதியறிந்தோர் மாய்ந்தால் அறிவும் மாயுமே என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி எடுக்கச் செய்தது. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது விகாரையின் ஏட்டுத் தொகுதி அழிந்துபோயிற்று. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பிறவிடங்களிலும் இருந்தமையே காரணம்.

நேயர்களே, இதே மாவட்டத்திலுள்ள ஹப்புவிட என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கைவினைஞர் வண்ணம் கலந்த அரக்கைத் தணலிற் காட்டி, மெல்லிய இழையாக இழுத்து, மரத்தின்மேற் படியவைத்து, பெருவிரல் நகத்தாற் கிள்ளிக் கோலம் அமைப்பர். எந்தச் சூட்டில் அரக்கு இழையாகும், எக்கணத்தில் நகம் பதியவேண்டும் என்பனவற்றை அவர்களுடைய விரல்களே அறியும். அவ்விரல்கள் ஓய்ந்தால் எந்த நூலைப் புரட்டி அதனைக் கற்பது?

இவ்வினாவின் அருமையை முன்னரே உணர்ந்தவர் ஆனந்தக் குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்த இத்தமிழ்மகன், கனிப்பொருள் ஆய்வுக்காக நாடெங்கும் திரிந்த காலத்தில், நலிந்துவந்த கண்டிநாட்டுக் கைவினைகளைக் கண்டு குறித்துக்கொண்டார். அதன் பயனாக 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அச்சிட்ட படிகள் 425 மட்டுமே. அம்முயற்சியில் உடனிருந்து நிழற்படம் எடுத்த அவர் மனைவி எதெல், பின்னாளில் இங்கிலாந்தில் பெயர்பெற்ற நெசவுக் கலைஞராகி, 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

ஏனா த சில்வா அம்மையார் (1922–2015) அலுவிகாரையிலே கைப்பணி நிலையமொன்றை நிறுவி, ஊர்ப் பெண்களுக்குப் பத்திக் வேலையும் தையல் வேலையும் பயிற்றினார். கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை விடுதியின் விதானத்தை அணிசெய்தவை இவருடைய பத்திக் சீலைகளே. பத்திக் சாவகத்துக் கலை. இங்கு அது இந்நாட்டு வண்ணங்களையும் உருவங்களையும் ஏற்றுத் தனி அழகு பெற்றது.

ஆகவே, வடிவமைப்பு நூல்நிலையத்தில் நூல்களோடு துணி மாதிரிகளும், சாயம் காய்ச்சும் முறைகளும், கருவிகளின் பெயர்களும், கைவினைஞர் தம் வாய்மொழியும் இடம்பெறல் வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் தேரை அலங்கரிக்கும் சீலைகளையும் தொம்பைகளையும் தைப்போரின் அறிவுக்கும் அங்கே ஓர் அடுக்கு ஒதுக்குதல் தகும். பிறநாட்டு ஏடுகளும் வேண்டியனவே. அவற்றை விலை கொடுத்து எந்நாளும் வாங்கலாம். முதியவரொருவரின் கைத்திறனை அவர் வாழும்போதே பதிந்துகொள்ள வேண்டும். பதிந்ததற்குப் படியெடுத்து வெவ்வேறிடங்களில் வைத்தலும் வேண்டும். 1848 அதனை நமக்கு உணர்த்தியிருக்கிறது.