ஃபியூஸ் கட்டையும் பிரிக்க முடியாத பெட்டியும்

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் நினைவுக்கு வருவார். தொழில் தெரிந்தவர்களுக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண், அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம், தொழிற்பேட்டைச் சூளைகள் என்று எல்லாம் சேர்ந்து அந்தப் பெயரை வாங்கித் தந்தன. மங்கலம்பேட்டை உட்படச் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் பீங்கான் என்பது வீட்டுக் கோப்பை மட்டுமல்ல, மின்சாரத்தோடு சேர்ந்த ஒரு சங்கதி.

அந்தச் சங்கதியில் மிகச் சாதாரணமான ஒன்று ஃபியூஸ் கட்டை. இன்றைய மாணவர்களில் சிலர் அதைக் கையில் பிடித்தே இருக்க மாட்டார்கள். வெள்ளைப் பீங்கானில் ஓர் அடிக்கட்டை, அதில் செருகும் ஒரு மேல்கட்டை, நடுவே வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகி உருகிவிடும். அப்போது தெறிக்கும் தீப்பொறியைப் பீங்கான் தாங்கும். மெயின் சுவிட்சை அணைத்து, கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றிச் செருகினால் வீட்டில் விளக்கு வந்துவிடும். கம்பிக்குச் செலவு சில்லறைக் காசு. கட்டையோ பல வருஷம் கிடக்கும்.

இந்தச் சின்னப் பொருளில் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. எது கெடும் என்று அதைச் செய்தவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். கெடப்போகும் பாகத்தை மலிவாகவும், கைக்கு எட்டும்படியும், கடையில் கிடைக்கும்படியும் வைத்திருக்கிறார். ஒரு பொருள் ரிப்பேர் ஆகுமா, குப்பைக்குப் போகுமா என்பது மெக்கானிக்கின் மேஜைக்கு வருமுன்பே, அதை வரைந்த எஞ்சினியரின் மேஜையில் முடிவாகிவிடுகிறது. நம் நாட்டு ரேடியோ, டி.வி., செல்போன் ஆகியவற்றின் வரலாற்றைப் புரட்டினால் இது தெளிவாகத் தெரியும்.

வால்வு காலம்

1924 மே மாதம் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. பணக் கஷ்டத்தால் 1927-ல் கிளப் நின்றுபோக, அந்தக் கருவிகளைக் கொண்டு மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் வந்தன.

அந்தக் கால ரேடியோ வால்வில் ஓடியது. வால்வும் ஏறக்குறைய குண்டு பல்பு மாதிரிதான். உள்ளே சூடாகும் இழை உண்டு, ஒரு நாள் அது போய்விடும். அதனால்தான் வால்வைப் பற்ற வைக்காமல் சாக்கெட்டில் செருகினார்கள். பழசைப் பிடுங்கிவிட்டுப் புதுசை மாட்டலாம். வால்வின் பெயரிலேயே விவரமும் இருந்தது. ஐரோப்பிய முறையில் ‘இ.எல். 84’ என்றால், ‘இ’ என்பது 6.3 வோல்ட் ஹீட்டர், ‘எல்’ என்பது ஒலிபெருக்கியை ஓட்டும் பவர் பென்டோட். எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தப் பெயர் போட்ட வால்வு அந்த இடத்தில் வேலை செய்யும். பல ரேடியோக்களில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்ற படத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருப்பார்கள். முழு சர்க்யூட் படமும் மெக்கானிக்குகளுக்குக் கிடைத்தது. பெட்டியை வாங்கியவர் அதைப் பற்றிய அறிவையும் சேர்த்தே வாங்கினார்.

இதற்கு நேர் எதிரான காரியம் ஒன்றும் அதே 1924-ல் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி, ‘ஃபீபஸ்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 1,500 மணி நேரத்துக்கு மேலும் எரியக்கூடிய பல்புகள் அப்போது இருந்தும், ஆயுள் 1,000 மணி நேரம் போதும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம்! இரண்டாம் உலகப் போர் வந்ததும் கூட்டமைப்பு கலைந்தது. பொருளின் ஆயுளை நீட்டவும் எஞ்சினியர் வேண்டும், குறைக்கவும் எஞ்சினியர் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

டிரான்சிஸ்டரும் கடைத்தெருவும்

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ரேடியோ பேட்டரியில் ஓடத் தொடங்கியதும் மின்சாரம் வராத கிராமத்துக்கும் போயிற்று. டிரான்சிஸ்டரைச் சாக்கெட்டில் செருகாமல் போர்டில் பற்ற வைத்தார்கள். ஆனாலும் பிழைக்க வழி இருந்தது. சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர், மாற்று எண் போட்ட ‘ஈக்விவலண்ட்’ புத்தகம் ஆகிய நாலும் இருந்தால் கடை போட்டுவிடலாம். பெங்களூரில் 1954-ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இங்கேயே டிரான்சிஸ்டர் செய்தது. பி.இ.எல். 187, 188 என்ற எண்களைச் சொன்னால் நம் மூத்த நண்பர்கள் பலர் இப்போதும் சிரிப்பார்கள்.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுத்து, தபால் ஆபீசில் பணம் கட்டிய காலம் அது. 1980-களின் நடுப்பகுதியில்தான் அந்த முறை ஒழிந்தது. அவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய பெட்டியைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1982-ல் கலர் வந்தது. 1984-ல் நாடெங்கும் வேக வேகமாக டிரான்ஸ்மிட்டர்கள் வைத்தார்கள். சென்னையிலேயே டயனோரா, சாலிடேர் என்று டி.வி.க்கள் தயாராயின. உதிரி பாகம் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் போதும். ஐ.டி.ஐ.க்களில் ரேடியோ – டி.வி. மெக்கானிக் படிப்பு இருந்தது. கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி தர 1979-ல் மத்திய அரசு ‘டிரைசெம்’ திட்டத்தைத் தொடங்கியது. மங்கலம்பேட்டை மாதிரி எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு மேஜை, ஒரு விளக்கு, பின்பக்கம் திறந்த நாலு பெட்டிகள் என்று ஒரு கடை இருந்ததென்றால், அதற்குப் பின்னால் இத்தனை ஏற்பாடு இருந்தது. படம் கிடைத்தது, பாகம் கிடைத்தது, பயிற்சி கிடைத்தது. ஜனங்களின் சிக்கன புத்தி மட்டுமே அந்தக் கடைகளை வாழ வைக்கவில்லை.

எங்கே மாறியது?

“இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது சார், புதுசு வாங்கிடுங்க” என்ற பேச்சு எப்போது வந்தது? ஒரே நாளில் வந்துவிடவில்லை. பல டிரான்சிஸ்டர்கள் செய்த வேலையை ஒரே ஐ.சி. செய்ய ஆரம்பித்தது. போர்டைத் துளைத்துச் செருகிய பாகங்கள் போய், மேலே ஒட்டிப் பற்ற வைக்கும் கடுகு அளவுப் பாகங்கள் வந்தன. பெட்டியின் விலை இறங்கியது, மனித உழைப்பின் கூலி ஏறியது. இதில் சதி எதுவும் இல்லை. பொருள் சிறிதானது, மின்சாரம் மிச்சமானது, ஏழை வீட்டுக்கும் டி.வி. வந்தது. இந்த நன்மைகளை மறுப்பது நியாயமில்லை.

ஆனால் கூடவே வேறு சில மாற்றங்களும் வந்தன. திருகாணி இருந்த இடத்தில் பசை வந்தது. கடையில் கிடைக்கும் ஐ.சி.க்குப் பதிலாக அந்தக் கம்பெனியிடம் மட்டுமே இருக்கும் ஐ.சி. வந்தது. அசல் பாகத்தையே மாற்றினால்கூட, “இது என் பாகம் இல்லை” என்று சாஃப்ட்வேர் மறுக்கும் நிலை வந்தது. சர்க்யூட் படம் ரகசியம் ஆயிற்று. இவை எதுவும் இயற்பியல் விதி அல்ல. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவுகள்.

உண்மையில் கெடுவது பெரும்பாலும் சின்னப் பாகம்தான். 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் கம்ப்யூட்டர் போர்டுகளில் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கெட்டன. உள்ளே இருந்த ரசாயனக் கரைசல் சரியில்லாததே காரணம் என்று கண்டார்கள். சில ரூபாய்க் கப்பாசிட்டரை மாற்றியதும் பிழைத்த போர்டுகள் எத்தனையோ.

இன்றைய செல்போனுக்குள்ளும் நம்ம ஊர்ப் பீங்கானின் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான். ஒரு போனில் நூற்றுக்கணக்கில் இருக்கும் கப்பாசிட்டர்களில் பெரும்பாலானவை செராமிக். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் விரிசல் விட்டு ஷார்ட் ஆனாலே முழுப் போனும் செத்த மாதிரி கிடக்கும். நம் செல்போன் மெக்கானிக் என்ன செய்கிறார்? போர்டின் மேல் ரோசின் புகையை மெல்லிய வெள்ளைப் படலமாகப் படிய விடுகிறார். அளவான மின்சாரம் கொடுக்கிறார். ஷார்ட் ஆன கப்பாசிட்டர் சூடாகி, அதன்மேல் படிந்த ரோசின் மட்டும் உருகுகிறது. ஆள் அகப்பட்டான்! அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தால் போனுக்கு உயிர் வருகிறது. இந்த வேலையை எந்தக் கம்பெனியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எங்கிருந்தோ கைமாறி வந்த சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு அவர் இதைச் செய்கிறார். வால்வு ரேடியோவின் பெட்டிக்குள் ஒட்டிக் கொடுத்த அறிவை இன்று ஒளித்து மறைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

அரைகுறை ரிப்பேர்

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபியூஸ் கட்டையில் 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் கம்பியும், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர் கம்பியும் போட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. “அடிக்கடி போகுதே” என்று கையில் கிடைத்த தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டால், ஃபியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். அப்புறம் தீ விபத்துதான். இந்த ஆபத்தும் ஒரு காரணமாகத்தான் புது வீடுகளில் எம்.சி.பி. வந்தது. அது நல்ல மாற்றம். சரிபார்க்கும் சுதந்திரத்தோடு விவரமும் சேர்ந்து வர வேண்டும். விவரத்தை மறைத்துவிட்டு, “நீ தொட்டால் ஆபத்து” என்று பயமுறுத்துவது சரியான வழி அல்ல.

சட்டம் திரும்பிப் பார்க்கிறது

உலகம் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. 2022-ல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்கு கூட இல்லை. பிரான்ஸ் நாடு 2021 முதல் செல்போன், டி.வி. போன்ற பொருள்களில் எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்பதற்கு மதிப்பெண் போட வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்துள்ளது. நம் நாட்டில் மின்னணுக் கழிவு விதிகள் 2012-ல் நடைமுறைக்கு வந்தன, 2023 ஏப்ரலில் புதிய விதிகள் வந்தன. நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது.

சட்டம் வரட்டும், நல்லதுதான். ஆனால் சட்டம் பொருளை வரைவதில்லை. வரைவது நம்மைப் போன்றவர்கள். நம் கல்லூரியிலிருந்து வெளியே போன நண்பர்களில் பலர் இன்று டிசைன், வாங்குதல், சர்வீஸ் துறைகளில் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறார்கள். “இங்கே பசையா, திருகாணியா?” என்ற கேள்வி அவர்கள் மேஜைக்கு வராமல் போகாது. வரும்போது ஃபியூஸ் கட்டையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் செய்யும்போது சர்க்யூட் படத்தைப் பெட்டிக்கு உள்ளேயே ஒட்டுங்கள். முதலில் கெடப்போவது எது என்று எழுதி, அதைக் கழற்ற வழி வையுங்கள். லேபில் ஒரு மூலையில் ரிப்பேர் மேஜை ஒன்று கேட்டு வாங்குங்கள். சங்கம் அதற்கு மல்டிமீட்டரும் சால்டரிங் ஸ்டேஷனும் வாங்கித் தர முடியும். மாதம் ஒரு நாள் கடைத்தெரு மெக்கானிக் ஒருவரை மரியாதையோடு அழைத்து, சன்மானம் கொடுத்து, அந்த மேஜையில் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். ரோசின் புகை வித்தை பாடப் புத்தகத்தில் இல்லை, அவர் கையில் இருக்கிறது. அவரோடு அது போய்விடக் கூடாது.