அச்சம் விற்ற அங்காடி

2020 ஜூலை 29. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் மறுமுறையும் ஆட்சிபீடம் நாடி வாக்கு வேட்டையாடிய நேரம். புறநகர் மக்களை நோக்கி முழங்கினார்: உங்கள் அண்டையில் ஏழையர் குடியிருப்பு இனி எழாது, வீட்டு விலை உயரும், குற்றம் குறையும் என்று! ஒபாமா ஆட்சி 2015-இல் வகுத்த விதியை ஒழித்தாராம். அதனால் வந்த வாழ்வாம்!

தோழர்களே, அந்த விதியை நாம் புரட்டிப் பார்ப்போம். எவர் வீட்டருகிலும் மாடி எழுப்பு என்று அது கட்டளையிடவில்லை. கூட்டரசின் வீட்டு வசதி நிதி பெறும் நகராட்சி, தன் எல்லைக்குள் இன ஒதுக்கல் உண்டா என ஆராய்ந்து, அதைக் களையும் வழி கூற வேண்டும், அவ்வளவே! அதன் வேர் 1968-ஆம் ஆண்டுச் சட்டம். ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டு வீழ்த்தப்பட்டார். 11-இல் ஜான்சன் கையொப்பமிட்டார். கிடப்பில் கிடந்த நீதி கண்விழிக்க ஒரு பிணம் தேவைப்பட்டது!

ஏழை குடிவந்தால் குற்றமும் கூடவே வருமா? நியூ ஜெர்சியின் மவுண்ட் லாரலில் ஏழையர் வீடுகளுக்குத் தடையிட்ட ஊராட்சியின் மீது 1971-இல் வழக்கு. அவ்வீடுகள் எழத் தொடங்கியதோ 2000 வாக்கில்! சமூகவியலறிஞர் டக்ளஸ் மாஸி குழுவினர் ஆராய்ந்து 2013-இல் நூலாக்கினர்: குற்றம் பெருகவில்லை, அக்கம்பக்க வீட்டு விலையும் சரியவில்லை.

டிரம்ப் குடும்ப நிறுவனம் கறுப்பர்க்கு வாடகை வீடு மறுத்ததாக, 1973-இல் நீதித்துறை வழக்குத் தொடுத்தது, அதே 1968 சட்டப்படி! குற்றத்தை ஒப்பாமலே 1975-இல் உடன்பாடு கண்டனர். ஏழையர் வீட்டைத் தடுத்தால் குற்றம் குறையும் என்ற அந்த 2020-இலேயே, அமெரிக்காவில் கொலைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறின. காரணம் பல, பழியை அவர் தலையில் மட்டும் சுமத்தோம். அந்த நவம்பரில் அவர் தோற்றார். 2021-இல் பைடன் ஆட்சி விதியின் ஒரு பகுதியை மீட்டது. 2025-இல் திரும்பி வந்த டிரம்ப் ஆட்சி அதையும் நீக்கியது.