அந்த குரோஷே சட்டையைப் பின்னியது யார்?

கடைத்தொகுதியில் ஒரு குரோஷே மேல்சட்டை தொங்குகிறது. விலை 20 வெள்ளிதான். "மெஷின்ல போட்டதா இருக்கும்" என்று நினைக்கிறீர்களா?

நிஜமான குரோஷே என்றால், இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார்.

இயந்திரத்தால் ஏன் முடியவில்லை?

நிட்டிங்கும் குரோஷேயும் ஒன்றுதான் என்று பலர் நினைப்பதுண்டு. நிட்டிங்கிற்கு இரண்டு நீள ஊசிகள். ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியில் அடுத்தடுத்து நிற்கும். அப்படி ஒழுங்காக நிற்பதைக் கையாள்வது இயந்திரத்துக்குச் சுலபம். நீங்கள் போட்டிருக்கும் டி-சட்டையின் துணிகூட இயந்திர நிட்டிங்தான்!

குரோஷேக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. ஒரு பின்னலை முடித்ததும் கொக்கியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. ஏற்கெனவே போட்ட பின்னலுக்குள் கொக்கியை நுழைக்க வேண்டும், நூலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எங்கே நுழைப்பது? முன்னால், பின்னால், இடைவெளிக்குள்... எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கையும் கண்ணும் சேர்ந்து தேடும் இடம் அது. ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன. தொழிற்சாலைகளில் இன்னும் மனிதக் கைதான்.

குரோஷே போலவே தோன்றும் இயந்திரத் துணிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை உண்மையில் நிட்டிங் வகை.

எங்கிருந்து வந்தது?

'குரோஷே' பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். ஆனால் கொக்கி ஊசி நமக்கொன்றும் புதுசு இல்லை. கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலைப்பாடு பார்த்திருப்பீர்களே! சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல். ஆசியாவின் அந்த முறை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவி 'டம்பூர்' என்ற பெயர் பெற்றது. பிறகு துணியை விட்டுவிட்டு வெறும் நூலில் பின்னத் தொடங்கியதே குரோஷே என்பது வரலாற்றாளர்கள் சிலரின் கருத்து. அச்சில் வந்த குரோஷே மாதிரிகளில் ஆகப் பழையவை 'பெனலோப்பே' என்ற டச்சு இதழில் 1823இல் வெளியானவை.

அதை ஒரு பிழைப்பாக மாற்றியது அயர்லந்து. 1845இல் அங்கு உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கடும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 1 மில்லியன் பேர் மாண்டனர். கன்னிமடங்கள் பெண்களுக்கு குரோஷே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தன. குளோனிஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் அதை ஆரம்பித்து வைத்தார். இத்தாலியின் விலையுயர்ந்த ஊசி லேஸைப் பார்த்து, அதைவிட வேகமாகப் பின்னினார்கள். அந்தக் காசில் பல குடும்பங்கள் சாப்பிட்டன.

இந்தியாவில் அதே நூற்றாண்டில் கிறிஸ்துவ ஊழியர்கள் இந்தக் கலையைக் கொண்டுசென்ற இடம் ஆந்திரத்தின் நர்சாபூர் வட்டாரம். அங்குள்ள பெண்கள் இன்றும் வீட்டிலிருந்தே ஏற்றுமதிக்குப் பின்னுகிறார்கள். 2024இல் நர்சாபூர் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சந்தோஷமான செய்திதான். கூலி? ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூலே எழுதினார். வீட்டு வேலைக்கு இடையே மணிக்கணக்கில் பின்னுகிறார்கள். ஆனால் 'சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிறார்கள்' என்று சொல்லியே கூலியைக் குறைத்துவிடுகிறார்கள் என்றார் அவர். உங்கள் தோழி பின்னிய பொம்மையைப் பார்த்து "இதுக்குப் போய் 40 வெள்ளியா?" என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

நீங்களே பின்ன ஆசையா?

நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி நூல் வேண்டாம். சட்டை, தொப்பி என்றால் பருத்தி நூல், வியர்வையை உறிஞ்சும். 'அமிகுருமி' எனப்படும் ஜப்பானிய பாணி குட்டிப் பொம்மைகளுக்கு அக்ரிலிக் போதும், விலையும் குறைவு. 'மில்க் காட்டன்' என்று விற்பது பெரும்பாலும் பருத்தியும் செயற்கை இழையும் கலந்தது. வாங்குமுன் லேபிளைப் படித்துவிடுங்கள். எந்த அளவு கொக்கி பொருந்தும் என்பதும் அதிலேயே இருக்கும்.

முதல்முறை என்றால் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கொக்கி, நடுத்தரத் தடிமனில் வெளிர் நிற நூல். கறுப்பு வேண்டவே வேண்டாம், கண்ணியே தெரியாது.

இன்னொன்று: அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதை பிரிட்டிஷார் 'டபிள் குரோஷே' என்பார்கள். இணையத்தில் எடுக்கும் மாதிரி யாருடைய முறையில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் முயல் பொம்மைக்குக் காது இரண்டு மடங்கு நீண்டுவிடும்!