எந்த மாசம் எங்கே போகலாம்? ஒரு கருக்காக்குறிச்சிக் கணக்கு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. திட்டாதீங்க. சேர்த்து வெச்சு இன்னிக்குக் கொஞ்சம் நீளமாவே போட்டுடறேன் :-)

விஷயம் இதுதான். எங்க டீம்ல பத்துப் பேர் சேர்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் ஆரம்பிச்சோம். தலைப்பு 'மாசம் ஒரு அட்வெஞ்சர்'. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு வரிசை, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு இடம். மலை, காடு, கடல் எதுவா இருந்தாலும் சரி. உடம்பு வலிக்கணும், கொஞ்சம் பயமும் இருக்கணும். அவ்வளவுதான் ரூல்.

நவம்பர் என் தலையில விழுந்துச்சு. யோசிக்காம 'தனுஷ்கோடி, கடற்கரையில் டெண்ட்'னு அடிச்சேன். அன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டப்ப இதைப் பெருமையா வேற சொல்லி வெச்சேன். அம்மாகிட்டயிருந்து போனை வாங்கின அப்பத்தா கேட்டுச்சு:

"ஏன்டா தம்பி, ஐப்பசி கார்த்திகையில எவனாச்சும் கடக்கரையில போயிப் படுப்பானா? கஜா வந்தப்ப நீயும் இங்கதானடா இருந்த?"

இருந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை. ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பிறக்கிற நேரம். புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. ஆனா கடலைக் கண்ணால பாக்க முடியாத எங்க கறம்பக்குடியிலயே தென்னை எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு. பொழுது விடிஞ்சு வெளியே வந்தப்ப வானம் பெருசாத் தெரிஞ்சுச்சு. ஏன்னு புரிய ரெண்டு நிமிஷம் ஆச்சு. மறைக்க மரமே இல்லை.

அதைப் பாத்தவன் நான். நானே நவம்பர்ல தனுஷ்கோடின்னு அடிச்சிருக்கேன்.

அப்பத்தாவுக்கு எக்ஸெல் தெரியாது. ஆனா அது தலைக்குள்ள ஒரு பன்னிரண்டு வரிசை ஷீட் இருக்கு. அதோட வயசு என்னன்னு தேடிப் போனதுதான் இந்தப் பதிவு. தேடல் ஆரம்பிக்க வேண்டிய இடம் எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருந்துச்சு.

501 தங்கக் காசு

கருக்காக்குறிச்சி. எங்க பக்கத்துக்காரங்களுக்கு அது பஸ்ல அடிபடற ஒரு பேரு. ரோமானிய வரலாறு படிக்கிறவங்களுக்கு அது வேற. 1898ல், புதுக்கோட்டை தனி சமஸ்தானமா இருந்தப்ப, இந்த ஊர்ல ஒரு புதையல் கிடைச்சுது. மொத்தம் 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ், நீரோன்னு பேரரசர்கள் வரிசையா இருக்காங்க. கடைசிக் காசு வெஸ்பாசியன் காலத்தது, அதாவது கி.பி. 69க்கும் 79க்கும் நடுவுல. ஒரு காசு ஏழரை, எட்டு கிராம்னு வெச்சா மொத்தம் கிட்டத்தட்ட நாலு கிலோ தங்கம்! பல காசுகள் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

பெரும்பாலான காசுகள்ல பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளியால வெட்டினாப்ல ஒரு கோடு. இனிமே இது காசா செல்லாது, தங்கமா மட்டும்தான் மதிப்புங்கிறதுக்காக வெட்டினாங்கன்னு ஒரு கருத்து உண்டு.

சரி, ரோம் எங்கே, கருக்காக்குறிச்சி எங்கே? இந்தத் தங்கம் வந்து சேர்ந்தது ஒரு மாசக் கணக்கால. அந்தக் கணக்கு தப்பியிருந்தா கப்பல் கடலுக்கு அடியில போயிருக்கும்.

ஆடியில கிளம்பு, மார்கழியில திரும்பு

கி.பி. முதல் நூற்றாண்டுல பேர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதின 'எரித்ரையக் கடல் பெரிப்ளூஸ்' கையில கிடைச்சா அவசியம் படிங்க. எந்தத் துறைமுகம், என்ன சரக்கு, எந்த மாசம் கிளம்பணும் எல்லாம் அதுல இருக்கு. எகிப்திலிருந்து நம்ம பக்கம் வரணும்னா ஜூலை வாக்குல கிளம்புங்கன்னு சொல்றார்.

ஏன் ஜூலை? தென்மேற்குப் பருவக்காற்று ஜூன்லயே வீச ஆரம்பிச்சுடும். ஆனா அப்பவே கிளம்பினா, கேரளக் கரைக்கு வந்து சேரும்போது அங்கே கடல் உச்சக் கொந்தளிப்புல இருக்கும். கப்பலைக் கரைக்குப் பக்கத்துல கொண்டு போகவே முடியாது. ஜூலையில கிளம்பினா செங்கடலைத் தாண்டி நடுக்கடல்ல முழுக்காற்றையும் வாங்கிக்கிட்டு, காற்று தணியற செப்டம்பர்ல முசிறிக்கு வந்துடலாம். நம்ம கணக்குல சொன்னா ஆடியில கிளம்பி, ஆவணி புரட்டாசியில இறங்கறது.

கிட்டத்தட்ட கி.பி. 77ல எழுதின பிளினி இன்னும் விவரமா சொல்றார். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்திலிருந்து செங்கடல் வாய்க்கு 30 நாள், அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். திரும்பறது டிசம்பர்ல, தப்பினா ஜனவரி நடுப்பகுதிக்குள்ள. வடகிழக்குக் காற்று அப்போதான் ஊருக்குத் திருப்பி அனுப்பும்.

இதுக்கு நடுவுல பிளினி ஒரு ரிவ்யூ வேற எழுதியிருக்கார், பாருங்க. முசிறி அவ்வளவு நல்லா இல்லை, பக்கத்துல கடற்கொள்ளைக்காரங்க இருக்காங்க, கப்பல் கரையிலிருந்து தள்ளி நிக்கணும், சரக்கைச் சின்னப் படகுல ஏத்தி இறக்கணும். அதுக்குப் பதிலா பெகாரே துறைமுகம் பெட்டர், அங்கே மிளகை ஒற்றை மரத்துல குடைஞ்ச தோணியில கொண்டு வர்றாங்கன்னு. ரெண்டு ஸ்டார் கொடுத்திருப்பார் போல முசிறிக்கு :-)

இந்தியாவுக்கு வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகுதுன்னு புலம்பினவரும் இதே பிளினிதான். அந்தப் புலம்பலோட ஒரு சின்னத் துண்டு எங்க ஊருக்குப் பக்கத்துல புதைஞ்சு கிடந்துச்சு.

நம்மாளுங்களும் போனாங்க

ஏதோ அவங்கதான் வந்தாங்க, நாம உக்காந்த இடத்துல மிளகு வித்தோம்னு நினைக்க வேண்டாம். எகிப்தின் செங்கடல் கரையில பெரெனிகே, குசேர் அல் காதிம்னு ரெண்டு பழைய துறைமுகத்தைத் தோண்டினாங்க. ரெண்டு இடத்துலயும் தமிழ் பிராமி எழுத்து பொறிச்ச பானை ஓடு கிடைச்சுது. குசேர்ல 'கணன்', 'சாதன்'னு ஆள் பேரு. இன்னொரு ஓட்டுல 'பானை உறி'.

உறி! எங்க அப்பத்தா வீட்டு அடுப்படியில இன்னமும் தொங்குதே, அதே உறி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் அந்த வார்த்தையோட அரபிக்கடலைத் தாண்டியிருக்கார். எந்தக் காத்துல போகணும், எதுல திரும்பணும்னு தெரியாம சாதன் போயிருக்க முடியாது.

அட்வெஞ்சர்ல நாம மறந்துட்ட ஒரு பாகம் இங்கே இருக்கு: காத்திருக்கறது. கரை இறங்கினவன் காற்று திரும்பற வரைக்கும் மூணு மாசம் இங்கேயேதான் இருக்கணும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துல சீனத் துறவி பாஹியான் இலங்கையிலிருந்து ஊருக்குக் கிளம்பினார். கப்பல்ல இருநூறு பேருக்கு மேல. புயல்ல மாட்டி, கப்பல் ஒழுகி, 90 நாள் கழிச்சு ஜாவா பக்கம் ஒரு கரையில ஒதுங்கினார். அங்கே ஐந்து மாசம் உக்காந்திருந்துட்டுத்தான் அடுத்த கப்பல் ஏறினார். நமக்கு ஒரு லாங் வீக்கெண்டுக்குள்ள எல்லாம் முடியணும்.

கிழக்குக் கரையோட கணக்கு வேற

மேற்குக் கரைக்கு ஆனி ஆடி ஆகாது. நம்ம சோழமண்டலக் கரைக்கு ஐப்பசி கார்த்திகை ஆகாது. பெரிப்ளூஸ்லயே இந்தக் கரையின் கப்பல்கள் வருது. கரையோரமா ஓடறது, கட்டுமரங்களைப் பிணைச்ச பெரிய கலமான 'சங்கரா', கிழக்கே பொன் தேசத்துக்குப் போற 'கொலந்தியா'ன்னு பிரிச்சே சொல்றார். பின்னாடி 1025ல ராஜேந்திர சோழனோட படை கடாரம் போனதும் இதே கடல்லதான். காற்றுக் கணக்கு பாக்காம கிளம்பியிருக்க வழியே இல்லை.

கணக்கை மீறினவங்க கதையும் இருக்கு. 1746 செப்டம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே ஆங்கிலேயர்கிட்டயிருந்து சென்னையைப் பிடிச்சார். அக்டோபர் நடுப்பகுதிக்குள்ள இந்தக் கரையை விட்டுப் போயிடணும்கறது அன்னிக்குக் கப்பல்காரங்களுக்கெல்லாம் பால பாடம். அவருக்கும் தெரியும். ஆனா பிடிச்ச ஊரைப் பணம் வாங்கிட்டுத் திருப்பிக் கொடுக்கறதா, வேண்டாமான்னு புதுச்சேரி கவர்னர் டூப்ளேவோட சண்டை. பேச்சு இழுத்துச்சு. அக்டோபர் 13 ராத்திரி புயல் வந்துச்சு. கப்பல்கள் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. ஆங்கிலேயர் பீரங்கியால செய்ய முடியாததை ஐப்பசிப் புயல் ஒரே ராத்திரியில செஞ்சுது.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில நடந்தது எல்லாருக்கும் தெரியும். பாம்பன்லயிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டு போச்சு. நூறு பேருக்கு மேல. நான் டெண்ட் போடலாம்னு அடிச்ச இடம் அதுதான்.

தரையிலும் இதே கணக்கு

நடைக்கும் மாசம் இருக்கு. செட்டிநாட்டு நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்கறது தைப்பூசத்துக்கு. மழை ஓய்ஞ்சு, வெயில் ஏறாத, அறுவடை முடியற நேரம். வழியில தண்ணியும் இருக்கும், சோறு போடறவன் வீட்டுல நெல்லும் இருக்கும். பொதிகையில அகத்தியர் மலைக்குக் கேரள வனத்துறை ஆளுங்களை விடறதும் ஜனவரி பிப்ரவரி வாக்குலதான். இலங்கையில யாழ்ப்பாணத்துலயிருந்து கிழக்குக் கரை வழியா கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போறவங்க ஆடித் திருவிழாவுக்குப் போய்ச் சேர்றாங்க. கூமுனை, யால காடுகளைக் கடக்கணும். அந்தப் பக்கம் மழை இல்லாத காலம் அதுதான்.

சாமி பேரைச் சொல்லி வெச்சாங்க, சரி. ஆனா அதுக்குள்ள தண்ணி, காத்து, விளைச்சல் மூணும் இருக்கு. முன்னால போய்த் திரும்பாதவங்களும் இருக்காங்க.

மார்ச் வரிசை

இவ்வளவும் படிச்சு முடிச்சு, நவம்பரை அழிக்கலாம்னு ஷீட்டைத் திறந்தேன். அப்போதான் மார்ச் வரிசை கண்ணுல பட்டுச்சு. யாரோ 'கொழுக்குமலை ட்ரெக்'னு போட்டிருந்தாங்க. பத்துப் பேர் பாத்த ஷீட். நாலு தம்ஸ் அப் வேற. அதுல ஒண்ணு என்னோடது.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கிட்டிருந்த குழுவைக் காட்டுத்தீ சுத்திக்கிச்சு. இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல சென்னையில பொட்டி தட்டிக்கிட்டிருந்த நம்ம வயசுப் பசங்க பொண்ணுங்களும் உண்டு. மாசி கடைசி. புல்லு காஞ்சு காகிதமா நிக்கற மாசம். அன்னிக்கு நான் காலேஜ் ஹாஸ்டல்ல டிவியில பாத்து அழுதது ஞாபகம் இருக்கு. மறந்துட்டு ஒரு தம்ஸ் அப் போட்டிருக்கேன்.

செத்தவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. அந்த மாசத்துல அங்கே போகாதேன்னு சொல்ல வேண்டிய அப்பத்தா யாரும் அவங்ககூட இல்லை. அவ்வளவுதான். 2024 அக்டோபர்ல அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்துச்சு. தீ பிடிக்கற காலத்துல அந்தப் பாதைகளை மூடறாங்க. எனக்கு அந்த மூடற செய்திதான் பெருசாத் தெரியுது. பழைய ஷீட்டு மெல்லத் திரும்பி வருது.

இப்போ எங்க எக்ஸெல்ல புதுசா ஒரு காலம் சேர்த்திருக்கேன். தலைப்பு: 'இந்த மாசம் எங்கே போகக்கூடாது'. அதை நிரப்பினப்புறம்தான் பக்கத்துக் கட்டத்துல இடம் எழுதணும். ஜனவரிக்கு அகத்தியர் மலை. கொழுக்குமலையை மழை முடிஞ்சு பச்சையா இருக்கற டிசம்பர் கடைசிக்குத் தள்ளியாச்சு. தனுஷ்கோடி பிப்ரவரிக்கு.

நவம்பருக்கு என்ன போட்டேன்னு கேக்கறீங்களா? 'கறம்பக்குடி. அப்பத்தா வீட்டுத் திண்ணையில உக்காந்து மழை பாக்கறது.' டீம்ல மூணு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. கருக்காக்குறிச்சி காட்டறேன்னு சொல்லியிருக்கேன்.

பி.கு: உங்க ஊர்ப் பெருசுங்க 'இந்த மாசம் அங்கே போகாதே'ன்னு ஏதாவது சொல்லுவாங்கள்ல? பின்னூட்டத்துல ஊர்ப் பேரோட போட்டுட்டுப் போங்க. ஷீட்ல சேர்த்துக்கறேன்.