திருச்சிச் சுருட்டு

திண்டுக்கல் வட்டாரப் புகையிலையால் திருச்சி உறையூரில் கையால் சுருட்டப்பட்ட சுருட்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை ஏற்றுமதியானது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே இதை இனங்காண்கிறார்; இதைவிடப் பெரிய பாராட்டு எந்தச் சுருட்டுக்கும் கிடைத்திருக்காது. ஹோண்டுராஸ் சுருட்டின் மூடிய தலைப்பக்கத்தைக் கத்தரித்தே பற்றவைக்க வேண்டும். திருச்சிச் சுருட்டுக்கோ இரு முனையும் திறந்தே இருக்கும்.

சுவைக்கத் தெரிந்தவர் முதலில் கொளுத்தாமலே முகர்ந்து, ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பின் நிதானமாகப் பற்றவைத்து, புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே நிறுத்தி விடுவார். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். காரம் மெல்லத்தான் விரியும். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று அபாயம் உண்டு.